மூன்றாவது இலக்கம்

777 என்ற எண்ணின் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. திருச்சியில் சின்னச் சின்ன ஆபீஸ்களுக்கு சர்வர் பார்த்துக்கொடுப்பது என் பிழைப்பு. வீடு ஸ்ரீரங்கத்தில், வேலை தில்லைநகரிலும் கன்டோன்மென்ட்டிலும். ஒரு நிரல் ஏதோ ஒரு ஃபைலில் எழுதப் போய், முடியாமல், "பர்மிஷன் டினைட்" என்று நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை எழுதிய பையனோ பெண்ணோ பக்கத்து சீட்டைப் பார்ப்பார்கள். பக்கத்து சீட் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொல்லும்: "777 குடுத்துடு." அரை நிமிடத்தில் அடுத்த வாக்கியம்: "இப்ப ஒர்க் ஆகுது சார்."

இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில் ஒரு கேள்வி செத்துப்போகிறது. இந்த ஃபைல் யாருடையது என்ற கேள்வி.

இலக்கிய இதழில் இதற்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். நிரல் எழுதாதவர்களுக்காக ஒரு பத்தி மட்டும் பாடம் நடத்திவிடுகிறேன். யூனிக்ஸ் வழிவந்த கணினிகளில் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு உரிமையாளர் உண்டு, ஒரு குழு உண்டு. இந்த இரண்டிலும் சேராத எல்லோருக்கும் 'அதர்ஸ்' என்று பெயர். மற்றவர்கள். பிறத்தியார். ஒவ்வொரு தரப்புக்கும் மூன்று அனுமதிகள் கொடுக்கலாம், மறுக்கலாம். வாசிக்க 4, எழுத 2, இயக்க 1. கூட்டினால் 7. ஆகவே மூன்று தரப்புக்கு மூன்று இலக்கம். 640 என்றால் உரிமையாளர் வாசிக்கலாம், எழுதலாம், குழு வாசிக்கலாம், மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. 777 என்றால் யார் வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். இந்த எண்ணை எழுதும் செயற்கூறின் பெயர் சிஎச்மாட். எழுதியிருப்பதைப் படித்துச் சொல்வது ஸ்டாட். அவ்வளவுதான் பாடம்.

இந்த ஏற்பாடு அரை நூற்றாண்டுக்கு மேல் பழையது. பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் 1971 நவம்பரில் கொண்டுவந்த யூனிக்ஸின் முதல் கையேட்டிலேயே சிஎச்மாட் இருக்கிறது, ஸ்டாட் இருக்கிறது. ஆனால் அப்போது தரப்பு இரண்டுதான்: உரிமையாளர், உரிமையாளர் அல்லாதவர். நடுவில் இருக்கும் குழு என்ற சங்கதி பின்னால் வந்து சேர்ந்தது. எனக்கு இது சுவாரஸ்யமான வரலாறு. என்னுடையது, ஊருடையது என்று இரண்டாகப் பிரித்தவர்களுக்குச் சில வருடங்களிலேயே 'நம்முடையது' என்று ஒன்று தேவைப்பட்டிருக்கிறது.

இன்னொரு விதியும் அதில் உண்டு. நம் பிள்ளைகளுக்கு யாரும் அதைச் சொல்லித்தருவதில்லை. நீங்கள் ஒரு ஃபைலைத் தொடும்போது கணினி முதலில் "இவர் உரிமையாளரா?" என்று பார்க்கும். ஆம் என்றால் முதல் இலக்கத்தோடு தீர்ப்பு முடிந்தது. குழுவில் இருக்கிறீர்களா, ஊருக்கு என்ன அனுமதி என்றெல்லாம் அதற்குமேல் பார்க்காது. ஆகவே 044 என்று ஒரு ஃபைலுக்குக் கொடுத்தால் ஊரே அதை வாசிக்கலாம், சொந்தக்காரன் வாசிக்க முடியாது. (ரூட் என்ற சர்வ வல்லமை படைத்த ஆள் இந்த விதிகளுக்கு வெளியே நிற்கிறார். எல்லா ஊரிலும் அப்படி ஒருவர் உண்டு.) இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வருவேன்.

நம் கல்லூரிகளுக்கு வருவோம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2013, 2017 பாடத்திட்டங்களில் ஆப்பரேட்டிங் சிஸ்டம்ஸ் லேபுக்கு ஒரு பயிற்சி உண்டு. ஃபோர்க், எக்ஸெக், வெயிட், குளோஸ் என்று ஒரு வரிசையாக சிஸ்டம் கால்களை வைத்து நிரல் எழுத வேண்டும். அந்த வரிசையில் ஸ்டாட் இருக்கிறது. சிஎச்மாட் இல்லை, யூமாஸ்க்கும் இல்லை. சரி, ஸ்டாட்டாவது இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டால், ரெக்கார்ட் நோட்டுகளைப் புரட்டும்போது அழுகை வரும். மாணவன் ஸ்டாட்டை அழைக்கிறான், வந்த 'மோட்' என்ற எண்ணை அப்படியே அச்சிடுகிறான். விடை 33188 என்று வருகிறது. ரெக்கார்டில் 33188. அடுத்தவன் ரெக்கார்டிலும் 33188. சிவப்பு மையில் கையெழுத்து. நேர்முகத்துக்கு வரும் பிள்ளைகளிடம் நான் இதைக் கேட்டுப் பார்ப்பதுண்டு: "33188ன்னா என்னப்பா?" ஒருவர்கூட இதுவரை சொன்னதில்லை. "அது ஃபைலோட மோட் வேல்யூ சார்." அது தெரியுது, என்ன சொல்லுது அது?

அந்த எண்ணை எட்டடிமான முறையில், அதாவது ஆக்டலில், எழுதிப் பார்த்தால் 100644. முன்னால் இருக்கும் 100 'இது சாதாரண ஃபைல்' என்கிறது. பின்னால் இருக்கும் 644 தான் நம் மூன்று இலக்கம். சொந்தக்காரர் வாசித்து எழுதலாம், மற்ற இரு தரப்பும் வாசிக்க மட்டும் செய்யலாம். ஒரு ஃபைல் தன் ஜாதகத்தை ஒரே எண்ணில் சொல்லியிருக்கிறது. நாம் அதைப் பெருமாள் கோயில் வாசலில் ஒட்டிய வேற்றுமொழி நோட்டீஸ் மாதிரி பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டோம்.

இந்த ஆக்டல் விஷயம் வெறும் பரீட்சை விஷயம் கிடையாது. பைத்தானில் சிஎச்மாட் செயற்கூறுக்கு 644 என்று வெறுமனே எழுதினால் மொழி ஒன்றும் சொல்லாது, ஏற்றுக்கொள்ளும். ஆனால் அது சாதாரணப் பத்தடிமான அறுநூற்று நாற்பத்து நான்கு. ஆக்டலில் அது 1204. முதலில் இருக்கும் 1 வேறு சமாசாரம், விடுங்கள். மிச்சம் 204. உரிமையாளருக்கு 2: எழுதலாம், வாசிக்க முடியாது. குழுவுக்கு 0. மற்றவர்களுக்கு 4: தாராளமாக வாசிக்கலாம்! வீட்டுக்காரன் வெளியே நிற்கிறான், தெருவில் போகிறவன் உள்ளே உட்கார்ந்து படிக்கிறான். 755 என்று எழுதினால் இன்னும் விசேஷம்: அது 1363 ஆகிவிடும், உரிமையாளர் வாசிக்க முடியாது, மற்றவர்கள் எழுதலாம். முன்னால் ஒரு சுழியும் 'ஓ' என்ற எழுத்தும் போட்டிருந்தால் இந்தக் கூத்து நடக்காது. சியிலும் பிஎச்பியிலும் ஒரு சுழி போட்டாலே போதும். இந்தப் பிழையில் மாட்டியவர்கள் என்ன செய்வார்கள்? ஆமாம், 777. அதையும் சுழியில்லாமல் எழுதுவார்கள். அது 1411 ஆகும். சொந்தக்காரன் எழுதவே முடியாது. அப்புறம் "பைத்தான்ல பக் இருக்கு சார்" என்பார்கள்.

சிரிக்கலாம். நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், இந்த ஊரில் ஒரு பரிசோதனை நிலையத்தின் சர்வரை ஒருமுறை திறந்து பார்க்கும் வரை. பெயர் வேண்டாம். அவர்கள் என்னை அழைத்தது வேறு காரணத்துக்காக: அவர்களுடைய இணையதளத்தைத் தேடினால் ஏதோ சூதாட்ட விளம்பரம் வருகிறதாம். உள்ளே போய் ஸ்டாட் போட்டுப் பார்த்தேன். ரிப்போர்ட்டுகளை ஏற்றும் ஃபோல்டர் 777. பல நிறுவனங்கள் ஒரே கணினியைப் பங்குபோட்டுக்கொள்ளும் மலிவான ஹோஸ்டிங். பக்கத்துக் கணக்கு ஒன்று களவு போயிருக்கிறது, அங்கிருந்து வந்தவர்கள் இந்தத் திறந்த வீட்டுக்குள் தங்கள் கடையை விரித்துவிட்டார்கள். அதைத் துடைத்தெறிவது ஒரு மணி நேர வேலை. என்னை உட்காரவைத்தது அதே ஃபோல்டரில் இருந்த மற்ற ஃபைல்கள். ரத்தப் பரிசோதனை முடிவுகள், கர்ப்பகால ஸ்கேன்கள். ஃபைல் பெயரிலேயே ஆளின் பெயரும் போன் நம்பரும். ஃபோல்டர் இணையதளத்தின் வாசலுக்குள்ளேயே இருந்தது, பட்டியல் காட்டும் வசதியும் திறந்து கிடந்தது. யார் வேண்டுமானாலும் உலாவியில் முகவரியைத் தட்டி, மேலிருந்து கீழே படிக்கலாம்.

அதைச் செய்துகொடுத்த கம்பெனிக்குப் போன் போட்டேன். பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார். "அப்லோட் ஆகலன்னு அவங்கதான் சார் கம்ப்ளைன்ட் பண்ணாங்க. பர்மிஷன் குடுத்தோம், சரியாயிடுச்சு. இத்தனை நாளா ஒரு கம்ப்ளைன்ட்டும் வரல."

யார் சார் கம்ப்ளைன்ட் பண்ணுவாங்க? உறையூரிலிருந்து பஸ் பிடித்து வந்து ரத்தம் கொடுத்துவிட்டுப் போன பெண்ணுக்குத் தன் ரிப்போர்ட்டின் மூன்றாவது இலக்கம் 7 என்று யார் சொல்லியிருக்கப் போகிறார்கள்? புகார் வராததால் தவறு இல்லை என்ற இந்த நியாயம்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அனுமதி எண்ணைத் தப்பாகப் போட்டவருக்கு எதுவும் ஆவதில்லை. வேலை சீக்கிரம் முடிந்தது, பில் போட்டாயிற்று. பாதிக்கப்படுபவர் அந்த ஃபைலில் பெயராக மட்டும் இருப்பவர். யூனிக்ஸின் மூன்று தரப்பிலும் அவருக்கு இடமில்லை. அவர் உரிமையாளரும் இல்லை, குழுவும் இல்லை. அவரைப் பற்றிய ஃபைலுக்கே அவர் 'அதர்ஸ்'.

சரியான தீர்வு கடினமானதும் இல்லை. அப்லோட் ஆகாததற்குக் காரணம், ஃபோல்டர் ஒருவர் பெயரில் இருந்தது, வெப் சர்வர் வேறொருவர் பெயரில் ஓடியது. இருவருக்கும் பொதுவாக ஒரு குழுவை வைத்து, ஃபோல்டரை அந்தக் குழுவுக்கு மாற்றி, 2770 கொடுத்து, வாசலுக்கு வெளியே தள்ளி வைத்தால் முடிந்தது. முன்னால் இருக்கும் 2, அந்த ஃபோல்டரில் பிறக்கும் புது ஃபைல்களும் அதே குழுவுக்குச் சொந்தமாகும்படி பார்த்துக்கொள்ளும். பத்து நிமிட வேலை. ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் "இது யாருடையது, யார் தொட வேண்டும், யார் தொடக்கூடாது" என்று யோசித்தாக வேண்டும். "பர்மிஷன் டினைட்" என்பது கணினி அந்தக் கேள்வியை உங்களிடம் கேட்கும் முறை. 777 என்பது பதில் சொல்லாமல் கேள்வி கேட்டவரின் வாயைப் பொத்துவது.

இன்னொன்று. ஃபைலுக்கு 400 கொடுத்து பத்திரமாகப் பூட்டிவிட்டேன் என்று நிம்மதியாகத் தூங்குபவர்கள் உண்டு. ஃபைலை அழிக்கும் உரிமை ஃபைலில் இல்லை, அது இருக்கும் ஃபோல்டரில் இருக்கிறது. ஃபோல்டர் 777 என்றால், உங்கள் 400 ஃபைலை வாசிக்க முடியாத ஆள்கூட அதை அழித்துவிட்டு அதே பெயரில் வேறொன்றை வைக்கலாம். பொதுவான தற்காலிக ஃபோல்டருக்கு 1777 என்று முன்னால் ஒரு 1 இருப்பது இதற்காகத்தான்: அவரவர் பொருளை அவரவர் (அல்லது ஃபோல்டரின் சொந்தக்காரர்) மட்டும் எடுக்கலாம்.

இங்கே ஒரு நண்பர் குறுக்கிடுவார். எனக்கு அவரைத் தெரியும், நல்ல வாசகர், இடதுசாரி, எல்லாம் திறந்திருக்க வேண்டும் என்று நம்புபவர். "தோழர், நீங்க பூட்டு விக்கிற ஆள் மாதிரி பேசுறீங்க. பூட்டிப் பூட்டித்தான் இந்த ஊர் நாசமாப் போச்சு. 777தான் ஜனநாயகம். விக்கிப்பீடியாவைப் பாருங்க, யார் வேணா எழுதலாம்."

விக்கிப்பீடியா 777 கிடையாது, தோழர். யார் எழுதினாலும் யார் எழுதினார், எப்போது எழுதினார், முன்னால் என்ன இருந்தது என்று அங்கே பதிவாகிறது. நீங்கள் ஃபைலைத் தொடுவதில்லை. ஒரு நிரலிடம் உங்கள் திருத்தத்தைக் கொடுக்கிறீர்கள், அது தன் அதிகாரத்தில் எழுதுகிறது. யூனிக்ஸிலும் இதே ஏற்பாடு உண்டு. கடவுச்சொல் இருக்கும் ஃபைலை நீங்கள் வாசிக்கக்கூட முடியாது, ஆனால் உங்கள் கடவுச்சொல்லை நீங்களே மாற்றிக்கொள்ளலாம், அதற்கென்று இருக்கும் ஒரே ஒரு நிரல் வழியாக. அந்த நிரல் ஓடும்போது உரிமையாளரின் அதிகாரத்தைக் கடன் வாங்கிக்கொள்கிறது. டென்னிஸ் ரிட்சி இந்த யோசனைக்கு 1979இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார், பிறகு அது பொதுப் பயன்பாட்டுக்கே விடப்பட்டது. எல்லோரும் பங்கேற்க வேண்டும் என்றால் அதற்கு ஒரு வாசல் கட்ட வேண்டும். சுவரை இடிப்பது வேறு வேலை.

ஆனாலும் அந்த நண்பரின் கோபத்தில் பாதி எனக்கும் சொந்தம். பூட்டிப் பூட்டி நாசமானது உண்மை. அதற்கு நான் ஸ்ரீரங்கத்துக்குத்தான் வர வேண்டும்.

ஏழு பிராகாரம். ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்பதைப் பிள்ளைகளுக்கு விளக்க இதைவிட நல்ல படம் உலகத்தில் கிடையாது. ராஜகோபுரத்துக்குக் கீழே ஆட்டோ போகும். அடையவளைந்தான் தெரு, சித்திரை வீதி, உத்திர வீதி எல்லாம் வீடும் கடையுமாக இருக்கும். ரங்கா ரங்கா கோபுரத்துக்கு முன்னால் செருப்பைக் கழற்ற வேண்டும். இன்னும் உள்ளே போனால் ஒரு கட்டத்தில் இந்துக்கள் மட்டும் என்று பலகை. ஃபோல்டருக்கு 'எக்ஸ்' என்ற அனுமதிக்குப் பொருள் இயக்குவது கிடையாது, கடந்துபோவது. ஆறு ஃபோல்டருக்கு உள்ளே இருக்கும் ஃபைலை எட்ட ஆறு ஃபோல்டரிலும் உங்களுக்கு எக்ஸ் இருக்க வேண்டும். ஒரு வாசலில் இல்லாவிட்டாலும் முடிந்தது. கடைசி ஃபைல் 444 என்று, உலகமே வாசிக்கலாம் என்று திறந்திருந்தாலும் பயனில்லை.

இந்தக் கோயிலின் சுவர்களில் 600க்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் இருக்கின்றன. இந்தியத் தொல்லியல் துறை தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையில் 24ஆம் தொகுதியை முழுக்க ஸ்ரீரங்கத்துக்கே ஒதுக்கி 1982இல் வெளியிட்டது. யார் எந்த நிலத்தைக் கொடுத்தார், எந்த விளக்குக்கு எவ்வளவு நெய், யார் பொறுப்பு. கல்லில் வெட்டுவது என்றாலே வாசிக்கக் கொடுப்பது. ஒருமுறை வெட்டியதைத் திருத்தவும் எளிதில் முடியாது. கல்வெட்டு என்பது 444. வைணவக் கோயில் கல்வெட்டுகள் பலவற்றின் கடைசியில் ஸ்ரீவைஷ்ணவ ரக்ஷை என்று வரும், சிவன் கோயில்களில் பன்மாகேஸ்வர ரக்ஷை. இந்தத் தருமத்தைக் காப்பது இந்தக் குழுவின் பொறுப்பு என்று பொருள். ஃபைலின் உள்ளடக்கமும், அதைக் காக்கும் குழுவின் பெயரும் ஒரே கல்லில்! கோயிலொழுகு என்ற இந்தக் கோயிலின் வரலாற்று நூல், ராமானுஜர் கோயில் பணியாளர்களைப் பத்துக் கொத்தாக விரித்து அமைத்தார் என்கிறது. கொத்து. 'குரூப்' என்பதற்குக் கலைச்சொல் தேடி அலையும் குழுக்கள் இதைக் கவனிக்கலாம்.

இத்தனை அழகான ஏற்பாட்டில் ஓட்டை எங்கே? சுவரில் 444 என்று எழுதியிருந்தது, ஆனால் சுவருக்குப் போகும் வழியில் ஒரு பெரும் ஜனத்தொகைக்கு எக்ஸ் இல்லை. கோயில் நுழைவுக்கான சென்னை மாகாணத்தின் சட்டம் ஒன்று 1939இல் வந்தது, விரிவான சட்டம் 1947இல். அதற்கு முன்னால், அந்தக் கோயிலுக்கு நெல் விளைவித்த மனிதன், தான் உழும் நிலம் எந்தக் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது என்பதை அந்தச் சுவரில் போய்ப் படித்திருக்க முடியாது. ஊருக்கெல்லாம் பொது என்று எழுதிவிட்டு வாசலில் மறிப்பது நம் பழைய வித்தை. ஆகவே யாராவது "எங்க தகவல் எல்லாமே பப்ளிக்தான் சார்" என்று சொன்னால், நான் ஃபைலைப் பார்ப்பதில்லை. வழியில் உள்ள ஃபோல்டர்களைப் பார்க்கிறேன்.

அந்தக் கண்ணோடு நம் காலத்தைப் பாருங்கள். தமிழகக் கல்வெட்டுகளின் மைப்படிகள் பல்லாண்டுகள் மைசூரில், தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவில் கிடந்தன. அவற்றைச் சென்னைக்குக் கொண்டுவரச் சொல்லி உத்தரவிட சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021இல் தலையிட வேண்டியிருந்தது. முன்னோர் ஊருக்குப் படிக்க வெட்டிவைத்ததன் பிரதியைப் படிக்க, நீதிமன்றம் போக வேண்டும். இதற்கு மூன்றாவது இலக்கம் 0.

இன்னொரு பக்கம், ஆதார் எண்கள். 2017 மே மாதம் சென்டர் ஃபார் இன்டர்நெட் அண்ட் சொசைட்டி ஒரு அறிக்கை வெளியிட்டது. நான்கு அரசுத் தளங்கள் வழியாக மட்டும் 13 கோடி பேரின் ஆதார் எண்கள் வெளியே தெரியும்படி கிடந்திருக்கலாம் என்று அது மதிப்பிட்டது. யாரும் பூட்டை உடைக்கவில்லை. முதியோர் பென்ஷன், நூறு நாள் வேலை ஆகிய திட்டங்களின் பட்டியல்களும் அதில் உண்டு. அரசாங்கத்தின் தளங்களே அவற்றைப் பரப்பி வைத்திருந்தன. இதற்கு மூன்றாவது இலக்கம் 4.

நான் சொல்ல வந்தது இதுதான். நாம் இந்த இலக்கத்தைத் தலைகீழாகப் போட்டுக்கொண்டிருக்கிறோம். மேலே பார்த்தோமே, சுழி போடாத 644: சொந்தக்காரன் வாசிக்க முடியாது, தெருவில் போகிறவன் வாசிக்கலாம். அதே பிழையை நிரலுக்கு வெளியேயும் செய்கிறோம். ஊர்ச்சொத்து பூட்டிக் கிடக்கிறது, ஒரு கிழவியின் பென்ஷன் கணக்கு திறந்து கிடக்கிறது. சரிசெய்யச் சொன்னால் ஒட்டுமொத்தமாக எல்லாவற்றையும் பூட்டுவார்கள். 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதைத்தான் செய்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் எட்டாம் பிரிவில், தனிநபர் தகவலையும் பொதுநலன் கருதித் தரலாம் என்று அந்த உட்பிரிவிலேயே இருந்த நிபந்தனைகளை எடுத்துவிட்டு, தனிநபர் தகவல் என்றாலே மறுக்கலாம் என்று ஆக்கியது. பொதுநலனுக்கு வேறொரு உட்பிரிவு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஆனால் இப்போது கதவு முதலில் சாத்தப்படும், அப்புறம்தான் அந்த உட்பிரிவைத் தேடிக்கொண்டு நீங்கள் மேல்முறையீட்டுக்கு அலைய வேண்டும். பாட்டியின் ஆதாரைக் காக்க வந்த சட்டம் அதிகாரியின் சொத்துக் கணக்கையும் அதே போர்வையில் மூடலாம்.

இந்த விஷயத்தில் யூனிக்ஸிடம் எனக்குப் பிடித்த ஒரு நாகரிகம் உண்டு. ஒரு ஃபைலை ஸ்டாட் செய்ய, அந்த ஃபைலின் மேல் உங்களுக்கு எந்த அனுமதியும் தேவையில்லை. வழியில் எக்ஸ் இருந்தால் போதும். உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்ல மாட்டேன்; ஆனால் இது யாருடையது, எவ்வளவு பெரியது, கடைசியாக எப்போது மாற்றப்பட்டது, உனக்கு ஏன் அனுமதி இல்லை என்பதைச் சொல்வேன். மறுப்பவர், மறுப்பின் விதியைக் காட்ட வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 7(8) பிரிவும் இதையே சொல்கிறது: மறுத்தால் காரணம் எழுத வேண்டும், யாரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்று எழுத வேண்டும். எங்கள் ஊர்த் தாலுகா ஆபீஸுக்கு ஒரு விண்ணப்பம் போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த ஸ்டாட் எவ்வளவு லட்சணமாக ஓடுகிறது என்று.

அரசை மட்டும் திட்டிவிட்டுப் போனால் நீங்கள் கைதட்டிவிட்டு அடுத்த கட்டுரைக்குப் போய்விடுவீர்கள். நம் இலக்கிய உலகத்தின் எண் என்ன தெரியுமா? 770. உரிமையாளருக்கும் வட்டத்துக்கும் எல்லாம், மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. நின்றுபோன சிற்றிதழ்களின் முழுத் தொகுப்பையும் ஸ்கேன் செய்து ஹார்ட் டிஸ்கில் வைத்திருப்பவர்கள் திருச்சியிலேயே இருக்கிறார்கள். கேட்டால், "நீங்க யாரு, யார் சொல்லி வர்றீங்க?" என்று முதல் கேள்வி. அந்த இதழ்களைக் கைக்காசு போட்டு நடத்தியவர்கள் அவற்றை ஊர் படிக்கத்தான் அச்சடித்தார்கள். ஆராய்ச்சி மாணவி ஒருத்தி ஒரு பழைய இதழின் நான்கு பக்கத்துக்காக மூன்று மாதம் போனில் கெஞ்சிய கதை எனக்குத் தெரியும். கிடைக்கவில்லை. அவளுக்குப் பின்னால் ஆள் இல்லை, அவ்வளவுதான் காரணம். காப்புரிமை இருக்கிற படைப்புக்குக் காப்புரிமையைக் காரணம் சொன்னால் ஒத்துக்கொள்வேன். ஆனால் இங்கே சொல்லப்படும் காரணம் பெரும்பாலும் "கஷ்டப்பட்டு சேர்த்தேன்". 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் எத்தனையோ பேர் கஷ்டப்பட்டுத்தான் தட்டச்சு செய்தார்கள், பிழை பார்த்தார்கள். முகப்புப் பக்கத்தை மாற்றாமல் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பரப்பலாம் என்று விட்டுவிட்டார்கள். அது 644. எழுதுவதற்குப் பொறுப்பானவர்கள் உண்டு, வாசிப்பதற்குத் தடையில்லை. அந்த வட்டத்துக்காரர்களே முகநூலில் கையெழுத்து இயக்கத்துக்காக ஊரார் போன் நம்பர்களைக் கூகுள் ஷீட்டில் திறந்து போடும்போதுதான் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

யூமாஸ்க் பற்றிச் சொல்லிவிடுகிறேன், எனக்கு அதன் மேல்தான் அதிக மனவருத்தம். ஒரு ஃபைல் பிறக்கும்போது எந்தெந்த அனுமதிகளைக் கழித்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லும் எண் அது. பொதுவாக 022. அதாவது புது ஃபைல் 644, புது ஃபோல்டர் 755. நீங்கள் எதுவுமே யோசிக்காவிட்டால் மற்றவர்கள் வாசிக்கலாம். உபுண்டுவில் 2021 ஏப்ரல் வரை ஒவ்வொருவரின் வீட்டு ஃபோல்டருமே அந்தக் கணினியில் கணக்கு வைத்திருக்கும் எல்லோருக்கும் திறந்திருந்தது. அந்த வருடத்து 21.04 பதிப்பில்தான் 750 ஆனது. யூமாஸ்க் செயற்கூறுக்கு ஒரு வினோதம் உண்டு. இப்போது என்ன மதிப்பு இருக்கிறது என்று படிக்க வேண்டுமானால் புதிதாக ஒன்றைக் கொடுத்தாக வேண்டும். அது பழையதைத் திருப்பித் தரும், நீங்கள் உடனே பழையதை மறுபடி வைக்க வேண்டும். நடுவில் உள்ள அந்த நொடியில் நிரலின் வேறொரு இழை ஃபைல் உருவாக்கினால் அது தப்பான அனுமதியோடு பிறக்கும். லினக்ஸில் அதைத் தொடாமல் படிக்க 2016 வரை நேர்வழி இல்லாமல் இருந்தது. ஃபைலைத் திறந்து எழுதிவிட்டு அப்புறம் சிஎச்மாட் செய்யும் நம் வழக்கத்திலும் இதே இடைவெளிதான். பிறக்கும்போதே சரியான எண்ணைக் கொடுக்க ஓபன் செயற்கூறில் இடம் இருக்கிறது, யாரும் பயன்படுத்துவதில்லை.

கடுமையாக நடந்துகொள்ளும் ஒரே மென்பொருளாக எனக்குத் தெரிந்தது ஓபன்எஸ்எஸ்எச். உங்கள் ரகசியச் சாவி ஃபைலை ஸ்டாட் செய்து பார்க்கும். மற்றவர்கள் வாசிக்கும்படி இருந்தால், இந்தச் சாவியைத் தொடவே மாட்டேன் என்று பெரிய எழுத்தில் கத்திவிட்டு நின்றுவிடும். எங்கள் ஆபீஸுக்கு வரும் பிள்ளைகளுக்கு அதன்மேல் பயங்கர எரிச்சல். அந்தப் பரிசோதனை நிலையத்தின் மென்பொருளும் அப்படி ஒருமுறை கத்தியிருக்கலாம். கத்தும்படி எழுத ஸ்டாட்டுக்கு ஒரு வரி, ஒப்பிட ஒரு வரி.

திருச்சியைச் சுற்றி இத்தனை பொறியியல் கல்லூரிகள். ஆப்பரேட்டிங் சிஸ்டம்ஸ் லேப் நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த செமஸ்டர் வைவாவில் ஃபோர்க் என்றால் என்ன என்று கேட்பதைக் கொஞ்சம் நிறுத்திவையுங்கள். 33188ஐ போர்டில் எழுதி, பிரித்துச் சொல்லச் சொல்லுங்கள். 044 கொடுத்த ஃபைலைச் சொந்தக்காரர் ஏன் திறக்க முடியவில்லை என்று கேளுங்கள். அப்புறம் ஒரு அப்லோட் ஃபோல்டரைக் காட்டி, அதில் இருப்பது உன் அம்மாவின் பிளட் ரிப்போர்ட் என்று சொல்லி, இதற்கு என்ன எண் போடுவாய், ஏன் என்று கேளுங்கள்.